கம்பியின் எந்த முனை

ஸ்கார்வ் தீவு, கலங்கரை விளக்க வீடு
14.7.1974

அன்புள்ள ஒட்னி அக்காவுக்கு,

தம்பி தோர்லைஃப் எழுதறது. இங்க நானும் குன்வோரும் பதினோரு ஆடும் சுகம். நீ எப்படி இருக்கே? பெர்கன்ல மழை விட்டுதா, இல்ல வழக்கம்போல ஊத்திக்கிட்டே இருக்கா?

இதோட ஆலாப் பறவைங்க பட்டியல் வச்சிருக்கேன். உட்கார்ந்துக்கிட்டு பிரி. ஒரே நாள்ல நூறு வளையம். பத்தொன்பது வருஷமா பறவைக் காலுக்கு நம்பர் வளையம் போடறேன், ஒரு நாளும் எழுபதைத் தாண்டினதில்ல. உங்க வளைய அலுவலகத்துல அந்த ஆம்லி இருக்காரே, தீவுக்காரங்க சோம்பேறிங்கன்னு சொல்ற மனுஷன், அவர் மேசையில கொண்டுபோய் வை.

புதன்கிழமை காலையில காத்து அடங்கிடுச்சு. காப்பி குடிச்சதும் கிளம்பினோம். குன்வோர் வரமாட்டேன்னு அடம். "காயப்போட்ட துணி பூரா இதுங்க எச்சம். போதாததுக்கு நான் போய் இதுங்களுக்கு குமாஸ்தா வேலை பாக்கணுமா?"ன்னா. அப்புறம் பால் வாளியைத் தலையில கவுத்துக்கிட்டு, நோட்டை எடுத்துக்கிட்டு வந்தா. ஆலாக்கள் சும்மா விடுமா, வாளி மேல டங்கு டங்குன்னு கொத்து. எனக்குத் தொப்பிதான், மண்டையில ரெண்டு இடத்துல ரத்தம். முட்டை மேல உட்கார்ந்திருந்த பெரிய பறவைங்களை கூடை கவுத்துப் பிடிச்சோம், அது நாப்பது. நடுவுல பாறை மறைவுல உட்கார்ந்து ஆறின உருளைக்கிழங்கும் உப்பு மீனும் தின்னோம். அப்புறம் மேற்கு ஓரத்துப் புல்லுல குஞ்சுங்க, அறுபது. அதுங்க ஆள் அரவம் கேட்டதும் அசையாம படுத்துக்கும், காலை எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி தரையைத் தடவித் தடவிப் பாக்கணும். ஒண்ணைக்கூட மிதிக்கல.

நீங்க வளையம் கோத்து அனுப்பற கம்பியில, முதல் முனைக்கு அடையாளமா கட்டியிருந்த சீட்டை முந்தின நாள் காத்து பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. போனா போகட்டும், 301லேர்ந்து 400 வரைக்கும் வரிசையாத்தானே கோத்து அனுப்பறீங்க. நான் ஒவ்வொண்ணா உருவிப் போட்டேன், அவ வரிசையா எழுதினா. கடைசிக் குஞ்சு குன்வோர் செருப்பு மேல ஏறிடுச்சு. அவ அதைக் கையில எடுத்து ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னா. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழிச்சு அவளுக்கும் பறவை மேல ஆசை வந்துடுச்சு போல.

ஒரு விஷயம், அடுத்த கடுதாசியில எழுத்தைக் கொஞ்சம் பெருசா போடு. எறும்பு ஊர்ற மாதிரி எழுதறே.

உடம்பைப் பாத்துக்கோ.
தம்பி தோர்லைஃப்


பெர்கன்
3.8.1974

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் குன்வோரும் நலமாக இருக்க வேண்டும். மண்டைக் காயத்துக்கு மருந்து போட்டாயா? குன்வோருக்கு என் பாராட்டைச் சொல். வாளிக்கும் சேர்த்து.

பட்டியலை ஆம்லி மேசையில் வைத்தேன். இரண்டு தடவை புரட்டினார். "பரவாயில்லையே, விளக்குக்காரர் வேலை செய்யறார்" என்றார். அந்த ஆள் வாயிலிருந்து இதற்கு மேல் வராது. நூறு அட்டைகளையும் நானே என் கையால் எழுதிப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். இனி ஏதாவது ஒரு ஆலா உலகத்தின் மறுகோடியில் யார் கையிலாவது சிக்கி, அவர்கள் அந்த எண்ணை எழுதி அனுப்பினால், அட்டையை உருவி அது உன் தீவுக் குஞ்சு என்று சொல்லிவிடுவேன்.

என் எழுத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு இதே எழுத்துதான், இதுவரை நீ குறை சொன்னதில்லை. இந்தத் தடவை பெரிதாகவே எழுதியிருக்கிறேன், பார். ஆனால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. அப்பாவும் முதலில் இப்படித்தான் கேட்டார். அதே வீட்டில், அதே மேசையில். அப்புறம் ஒன்பது வருடம் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, மணி என்ன, வெளிச்சம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார். உனக்குக் கண் எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

அன்புடன்
அக்கா ஒட்னி


ஸ்கார்வ் தீவு
1.9.1974

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகம்னு நம்பறேன்.

ஆலாக்கள் எல்லாம் போயிடுச்சு. ஒரு நாள் காலையில எழுந்தா சத்தமே இல்ல. குன்வோர் துணி காயப்போட்டுட்டு, "இப்பதான் மனுஷங்க இருக்கிற ஊர் மாதிரி இருக்கு"ன்னா, அரை மணி நேரம் கழிச்சு வானத்தையே பாத்துக்கிட்டு நிக்கறா. நேத்து வடக்குப் பாறையில ஒரு கடல்காகம் உட்கார்ந்திருந்தது, கால்ல வளையம். தொலைநோக்கியில பாத்து நம்பரை முழுசா எழுதி வச்சிருக்கேன், கீழ இருக்கு. அறுபது தப்படி தூரம், எண்ணிப் பாத்தேன். போதுமா?

காட்டுப் பழம் இந்த வருஷம் நல்ல விளைச்சல். ரெண்டு ஜாடி தபால் படகுல வருது.

தோர்லைஃப்


பெர்கன்
22.11.1974

அன்புள்ள தம்பிக்கு,

பழம் வந்தது, ஒரு ஜாடி அப்போதே காலி. குளிர் ஆரம்பித்துவிட்டது, குன்வோருக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்று, ஆப்பிரிக்கக் கரையோரம் போன நம்ம ஊர் சரக்குக் கப்பலின் துணை மாலுமி எழுதியது. களைத்துப்போய் ஓர் ஆலா கப்பல் தளத்தில் விழுந்து செத்திருக்கிறது. வளையம் 312. அவருக்குப் பறவை தெரியும், "முதுகில் பழுப்புச் செதில், இந்த வருஷத்துக் குஞ்சு" என்று எழுதியிருக்கிறார். உன் பட்டியலில் 312 முட்டை மேல் பிடித்த பெரிய பறவை. இரண்டாவது, ஆகஸ்டில் தெற்கே மீன் வலையில் மாட்டிய ஆலா, 377. உச்சந்தலை முழுக்கக் கறுத்த, வளர்ந்த பறவை. அதை நீ குஞ்சு என்று எழுதியிருக்கிறாய்.

ஒன்று தப்பினால் கைப்பிசகு என்று விடலாம். இரண்டும் தலைகீழாக இருக்கிறது. அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். சீட்டு பறந்துபோனதும் நீ கம்பியின் மறு முனையிலிருந்து உருவியிருக்கிறாய். 400 முதலில் போயிருக்கிறது. குன்வோர் அதற்கு 301 என்று எழுதியிருக்கிறாள். அப்படித்தான் என்று நீ உறுதியாகச் சொன்னால் நூறு அட்டைகளையும் திருப்பி எழுதிவிடலாம், ஒரு பறவைகூட வீணாகாது. சொல்லாவிட்டால் ஆம்லி நூறையும் அடித்துவிடச் சொல்கிறார். எந்த முனை, தம்பி?

இன்னொரு கேள்வி இருக்கிறது, அதுதான் பெரியது. வளையத்தை மூடுவதற்கு முன் எண்ணை உரக்கப் படிக்க வேண்டும். இந்த விதியை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீ. அன்றைக்கு நீ ஒரு வளையத்தையாவது படித்திருந்தால் இது நடந்திருக்காது. அறுபது தப்படி தூரத்தில் இருப்பதைப் படிக்கிற ஆள், கையில் இருப்பதை ஏன் படிக்கவில்லை?

கண் டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. அதுவரை உனக்கு ஒரு வளையம் அனுப்ப மாட்டேன். இது ஆம்லி சொன்னதில்லை. கோர்வை கட்டி அனுப்புவது என் கை, நானே சொல்கிறேன்.

அன்புடன்
ஒட்னி


ஸ்கார்வ் தீவு
10.12.1974

அக்காவுக்கு,

சுகம்.

பட்டியல் சரியாத்தான் இருக்கு. கப்பல்காரனுக்கு ஆலாவும் தெரியாது ஒண்ணும் தெரியாது. பத்தொன்பது வருஷத்துல நாலாயிரத்துச் சொச்சம் பறவைக்கு வளையம் போட்டிருக்கேன், அப்ப இல்லாத சந்தேகம் இப்ப என்ன? அடிக்கறதுன்னா அடிச்சுக்கோங்க. வளையம் அனுப்பலைன்னா விடு, ஆடு மேய்ச்சுக்கிட்டு இருக்கேன்.

எனக்குக் கண்ணு நல்லா இருக்கு. அப்பா பேச்சை இனிமே எடுக்காதே.

கிறிஸ்துமஸ் வாழ்த்து.
தோர்லைஃப்


ஸ்கார்வ் தீவு
12.1.1975

அன்புள்ள அண்ணிக்கு,

குன்வோர் எழுதறேன். சுகமா இருக்கீங்களா? நான் கடுதாசி எழுதற ஆள் இல்லைன்னு உங்களுக்கே தெரியும். அவர் எண்ணெய் இறக்க துறைக்குப் போயிருக்கார், அதுக்குள்ள முடிக்கணும்.

உங்க கடுதாசியை அவருக்குப் படிச்சுக் காட்டினது நான்தான். எல்லாக் கடுதாசியும் நான்தான் படிக்கறேன், ஒன்றரை வருஷமா. முதல்ல பேப்பரைக் கை நீட்டிப் பிடிச்சுப் படிச்சார். அப்புறம் கை நீளம் பத்தல. அப்புறம் "நீ படி, என் கையில மீன் வாடை"ன்னார். இப்ப வாடை இல்லாத நாள்லயும் நான்தான்.

நீங்க கேட்டது சரி அண்ணி. அவர் மறு முனையிலேர்ந்துதான் உருவினார். அது எனக்கு அன்னிக்கே தெரியும். கடைசிக் குஞ்சு என் செருப்பு மேல ஏறிச்சே, அதைக் கையில எடுத்தப்ப வளையத்துல 301ன்னு இருந்தது. நான் அதுக்கு நோட்டுல 400ன்னு எழுதிட்டேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த மனுஷன் மண்டையில ரத்தத்தோட, "நூறு, குன்வோர், நூறு"ன்னு சிரிச்சுக்கிட்டு நிக்கறார். எனக்கு வாய் வரல. வீட்டுக்குப் போய் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்ததும் நாளைக்குச் சொல்லலாம்னு நினைச்சேன். அப்படியே போயிடுச்சு. தப்பு என் மேலயும் இருக்கு, ஆம்லி சார் கிட்ட அப்படியே சொல்லுங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். போன வாரம் விளக்குக் கூண்டுக்குக் காப்பி கொண்டு போனேன். அவர் படியில ஏறிக்கிட்டிருந்தார், கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, சுவத்தைத் தடவிக்கிட்டு, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு. பழகிக்கறார் அண்ணி. நான் சத்தம் போடாம கீழ இறங்கிட்டேன். அடுப்படிக்கு வந்து அழுதேன்.

நான் சொன்னா கேக்க மாட்டார். நீங்க சொல்லுங்க. நான்தான் எழுதினேன்னு சொல்லுங்க, எனக்குப் பயம் இல்ல. உங்க கடுதாசி வந்தா எப்படியும் நான்தானே படிக்கணும்.

குன்வோர்


பெர்கன்
29.1.1975

அன்புள்ள தம்பிக்கு, அதைப் படித்துக் காட்டும் குன்வோருக்கு,

இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

கடைசிக் குஞ்சின் காலில் இருந்தது 301. குன்வோர் எனக்குக் கடிதம் எழுதினாள். அவளைக் கோபிக்காதே, நம் குடும்பத்தில் தைரியம் இருக்கிற ஒரே ஆள் அவள்தான். அட்டைகளை நான் திருப்பி எழுதிவிட்டேன், நூறும் பிழைத்தது. ஆம்லி முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அப்பா பேச்சை எடுக்காதே என்றாய். எடுக்கத்தான் போகிறேன். அப்பாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது எல்லாரையும் விட மூன்று வருடம் முன்பே எனக்குத் தெரியும். நீ சின்னவன். ஒரு நாள் அவர் விளக்குத் திரிக்குப் பக்கத்தில் கையைச் சுட்டுக்கொண்டார். "யார் கிட்டயும் சொல்லாதே, வேலை போயிடும்" என்றார். நான் சொல்லவில்லை. மூன்று வருடம் விளக்குக் குறிப்பேட்டை அவர் கையெழுத்திலேயே நான் எழுதினேன். நல்ல பிள்ளை என்று தலையில் தட்டிக்கொடுப்பார். அப்போதே டாக்டரிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. முப்பத்து மூன்று வருடமாகத் தெரியாமல்தான் இருக்கிறேன்.

ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ட்ரொம்ஸோவில் நல்ல கண் டாக்டர் இருக்கிறார் என்று விசாரித்துவிட்டேன். குன்வோர், இவனைப் படகில் ஏற்றிவிடு. ஏறாவிட்டால் அந்த வாளியை இவன் தலையில் கவிழ்த்து இழுத்துக்கொண்டு போ.

ஒட்னி


ஸ்கார்வ் தீவு
18.3.1975

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இந்தத் தடவை உண்மையாவே சொல்றேன்.

உன் கடுதாசியை குன்வோர் படிச்சுக் காட்டினா. நீ குறிப்பேடு எழுதினது எனக்குத் தெரியவே தெரியாது அக்கா. அப்பா கையெழுத்துன்னு நான் அந்தப் புத்தகத்தை இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்.

ட்ரொம்ஸோ போயிட்டு வந்தேன். டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு. கண்ணுக்குள்ள விளக்கை அடிச்சு அடிச்சுப் பாத்துது. "அம்மா, நானே விளக்குக்காரன், எனக்கே விளக்கா?"ன்னேன். சிரிக்கல. ரெண்டு சங்கதி சொல்லுச்சு. கிட்டத்து எழுத்து தெரியாதது வெறும் வெள்ளெழுத்து. என் வயசுல எல்லாருக்கும் வர்றது, கண்ணாடி போட்டா சரி. அதைக் கேட்டு எழுந்துட்டேன். "உட்காருங்க, இன்னும் முடியல"ன்னுது. இடது கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்காம். அப்பாவோடதுதான். ஆரம்பத்துல இருக்கு. எனக்கு அது தெரியவே தெரியாதாம், வலிக்காது, ஓரத்துலேர்ந்து திருடிக்கிட்டே வருமாம். "கண்ணாடிக்குன்னு நீங்க இப்ப வராம இருந்திருந்தா, தெரிய வர்றப்ப நான் பண்றதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது"ன்னுது. சொட்டு மருந்து கொடுத்திருக்கு. தினம் மூணு வேளை, விடாம. அப்படி இருந்தா இருக்கிற பார்வை இருக்குமாம்.

திரும்பி வர்றப்ப படகுல உட்கார்ந்து அழுதேன். பக்கத்துல இருந்தவர் கடல் ஒத்துக்கலையான்னு கேட்டார். ஆமான்னேன்.

மருந்து எரியுது. குன்வோர் ஆட்டுக்குட்டிக்கு ஊத்தற மாதிரி தலையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஊத்தறா. கண்ணாடி போட்டுக்கிட்டு முதல் தடவையா அவ முகத்தைக் கிட்டத்துல பாத்தேன். "என்ன, கிழவியாயிட்டேனா?"ன்னா. "நான் கல்யாணம் பண்ணது யாரைன்னு யோசிக்கறேன்"னேன். அன்னிக்கு எனக்குக் காப்பி கிடைக்கல.

இந்தக் கடுதாசியை நானே எழுதறேன், நானே படிச்சும் பாத்துட்டேன். டாக்டர் எழுதின சீட்டும் இதோட வச்சிருக்கேன். கூடப் பிறந்தவங்களும் கண்ணைக் கண்டிப்பா காட்டணும்னு அந்தப் பொண்ணு மூணு தடவை சொல்லுச்சு. நீ எப்ப கடைசியா காட்டினே?

தம்பி தோர்லைஃப்


பெர்கன்
9.4.1975

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு வேளை மருந்துகூட விடாதே. குன்வோரிடம் இன்னும் கொஞ்சம் இறுக்கமாகவே இடுக்கச் சொல்.

சொன்ன சொல் தவறவில்லை, இத்துடன் இரண்டு வளையக் கோர்வை அனுப்பியிருக்கிறேன். இந்த வருடம் முதல் முனையில் சீட்டு கட்டுவதில்லை, ஈயக் கட்டி ஒன்றை வைத்து நசுக்கிவிடுகிறோம், எந்தக் காற்றும் பிய்க்காது. இது என் யோசனை. ஆம்லி இதைத் தன் யோசனை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இங்கே வேலை தலைக்கு மேல். மரமெல்லாம் துளிர்த்துவிட்டது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அன்புடன்
அக்கா


ஸ்கார்வ் தீவு
6.5.1975

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க சுகம். நீ சுகமான்னு வழக்கத்துக்குக் கேக்கல, தெரியணும்னு கேக்கறேன்.

உன் கடுதாசியை கண்ணாடி போட்டுக்கிட்டு மூணு தடவை படிச்சேன். நான் கேட்டதுக்குப் பதில் அதுல இல்ல. கடல்காகத்தைப் பத்தி எழுதி நான் தப்பிச்சேனே, அதே மாதிரி ஈயக் கட்டியைப் பத்தி எழுதியிருக்கே. நமக்கு ஒரே அப்பாதானே.

ரெண்டு கோர்வையும் இதோட திருப்பி அனுப்பறேன். பிரிக்கல. இன்னும் ரெண்டு வாரத்துல ஆலாக்கள் வந்துடும், ஜூலையில குஞ்சு பொரிக்கும். இந்த வருஷம் வெறுங்கால்லயே பறக்கட்டும். உன் வீட்டுலேர்ந்து நடந்து போற தூரத்துல கண் ஆஸ்பத்திரி. நான் படகு ஏறி ஒரு பகலும் ராத்திரியும் போனேன். நீ போய்க் காட்டிட்டு எழுது. அதுவரைக்கும் இந்தத் தீவுல ஒரு வளையம் ஏறாது. இது ஆம்லி சொன்னதில்ல, நானே சொல்றேன்.

குன்வோர் பக்கத்துல நிக்கறா. "அண்ணி, எழுந்து போங்க"ன்னு எழுதச் சொல்றா.

தம்பி தோர்லைஃப்


பெர்கன்
14.6.1975

அன்புள்ள தம்பிக்கும் குன்வோருக்கும்,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்பதை இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப் போகிறேன்.

கோர்வைகள் பத்து நாள் என் மேசையில் கிடந்தன. ஆம்லி பார்த்துவிட்டு, "இதென்ன, திரும்பி வந்திருக்கு? வளையத்துல ஏதாவது குறையா?" என்றார். வளையத்தில் இல்லை என்றேன். அன்று மத்தியானமே தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். இன்னொரு நாள் தள்ளியிருந்தால் போயிருக்க மாட்டேன்.

தம்பி, இரண்டு வருடமாக நான் வலது பக்கம் வருகிற ஆட்களை இடிக்கிறேன். அலமாரிக் கதவில் தோளை இடித்துக்கொள்கிறேன், வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். ராத்திரி படுத்தால் அப்பாவின் நாற்காலி ஞாபகம் வரும். உடனே எழுந்து உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவேன். உன் கண்ணுக்குப் பயந்துகொண்டிருந்தால் என் கண்ணை நினைக்க வேண்டாம் அல்லவா. உன்னை விரட்டியது பாசத்தால்தான், பொய்யில்லை. ஆனால் அதில் பாதி என் பயம்.

வலது கண்ணில் முக்கால் பங்கு போய்விட்டது. அது திரும்பி வராது. இடது கண்ணிலும் தொட்டிருக்கிறது, ஆனால் அதைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார் டாக்டர். உனக்குக் கொடுத்த அதே மருந்து. மூன்று வாரம் கழித்து மறுபடி அளந்தார்கள், அழுத்தம் இறங்கியிருக்கிறது. இந்தக் கண்ணோடு எண்பது வயது வரை அட்டை எழுதலாம் என்றார். "இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கோபமாகத்தான் கேட்டார். "என் தம்பியை டாக்டர் கிட்ட போகச் சொல்லி கடிதம் எழுதிக்கிட்டு இருந்தேன்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் அழவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டாய். அழுதேன். அப்புறம் கடைத்தெருவில் வறுத்த மீன் வாங்கி நின்றபடியே தின்றேன், நல்ல பசி. எல்லாம் போய்விடும் என்று இரண்டு வருடமாகப் பயந்திருந்தேன். எவ்வளவு மிச்சம் என்று இப்போது தெரிந்துவிட்டது. அது போதும் போல இருக்கிறது.

கோர்வைகளை இந்தத் தடவை தபாலில் அனுப்பவில்லை. பதினாறு வருடமாக எடுக்காத விடுப்பை எல்லாம் சேர்த்துக் கேட்டேன், ஆம்லி நாள்காட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜூலை எட்டாம் தேதி தபால் படகில் வருகிறேன். குன்வோர், எனக்கும் தலைக்கு ஏதாவது பாத்திரம் பார்த்து வை.

தோர்லைஃப், படகுத் துறைக்கு வந்தால் என் இடது கைப் பக்கமாக நில். வலது பக்கம் நின்றால் நீ இருப்பது தெரியாமல் உன்னைத் தாண்டிப் போய்விடுவேன். இடது பக்கம் நின்றால் முழுசாகத் தெரிவாய்.

அக்கா ஒட்னி